அந்தப் பல்லைத் தொடாதே!

படம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தபோது மணி பத்து முப்பத்தொன்று.

மலர்விழி அதை உடனே பார்க்கவில்லை. செர்காம் மீன் கிடங்கின் மாடி ஆபீசில் உட்கார்ந்து லோரிக்காரன் ஒருவனோடு லேண்ட்லைனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐஸ் உருகிப் போச்சுன்னா நான் என்னண்ணே செய்யறது? வழியில நிறுத்தி தே தாரிக் குடிச்சது நீங்க. மீன் குடிக்கல."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவள் வைத்துவிட்டாள். மேசைமேல் கைப்பேசி மூன்று முறை துடித்து அடங்கியது. குடும்பக் குழு. அப்பாவின் அக்கா, பெத்தம்மாள் அத்தை.

படத்தில் அம்மா இருந்தாள். பல் கிளினிக்கின் நீல நாற்காலியில் சாய்ந்து, கழுத்தில் காகித அங்கி கட்டி, நாற்காலியின் கைப்பிடிகளை இறுகப் பிடித்திருந்தாள். படத்துக்குக் கீழே அத்தையின் வாசகம்:

"சம்பந்தியம்மா ரெடி! நாலு பல்லு போகுது, புதுப் பல்லு வருது. ஞாயித்துக்கெழம பாருங்க சிரிப்ப!"

பக்கத்தில் மூன்று ரோஜாப்பூ.

மலர்விழி எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது.

நாலு பல்லு போகுது.

பதினான்கு மாதங்களுக்கு முன் அம்மாவின் தொண்டையில், டான்சில் இருக்கும் இடத்தில், ஒரு கட்டி இருந்தது. புற்றுநோய். முப்பத்தைந்து நாள் கதிர்வீச்சு. கட்டி செத்தது. அம்மா பிழைத்தாள். பவானேஸ்வரி என்று பெயர் எழுதிய அட்டையைக் கடைசி நாளில் கையில் கொடுத்தபோது, பெரிய ஆஸ்பத்திரியின் பல் டாக்டர் ஒரே வாக்கியத்தை மூன்று தடவை சொன்னார். எங்களைக் கேட்காமல் யாரும் ஒரு பல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது. ஒரு வருஷம் கழித்தும் கூடாது, பத்து வருஷம் கழித்தும் கூடாது.

ஏன் என்றும் சொன்னார். கதிர் கட்டியை மட்டும் சுடவில்லை. கீழ்த்தாடை எலும்புக்குப் போகும் ரத்தக் குழாய்களையும் சேர்த்துச் சுட்டுவிட்டது. பல்லைப் பிடுங்கினால் விழும் குழி மூடுவதற்கு அங்கே ரத்தம் போதாது. குழி திறந்தபடி கிடக்கலாம். உள்ளே எலும்பு செத்துப்போகலாம். அப்புறம் தாடையையே வெட்டி எடுக்க வேண்டி வரலாம்.

"லாம், லாம்" என்றுதான் அவர் சொன்னார். ஆனால் அதே வராண்டாவில், அதே பெஞ்சில், தங்கையா உட்கார்ந்திருந்தார். நாக்கில் புற்றுநோய் வந்து குணமான மனிதர். தாடைக்கடியில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. அவர் மைலோ குடித்தார். குடித்த மைலோ கொஞ்ச நேரத்தில் அந்தப் பஞ்சை நனைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"ஒரே ஒரு பல்லும்மா" என்றார், பஞ்சை மாற்றிக்கொண்டே. "வலி தாங்கல. டவுனுக்குப் போயி புடுங்கிட்டு வந்தேன். ரேடியேஷன் எடுத்தத சொல்லணும்னு எனக்குத் தோணல."

இரண்டு நாள் மலர்விழிக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் அம்மாவின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அப்பா ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலைக்கு ஜாகா, காவல்காரர். வேலை முடியும்வரை போன் பெட்டியில் பூட்டியிருக்கும். அத்தையின் எண் அடித்தது, அடித்தது, அடித்து ஓய்ந்தது. குழுவில் "நிறுத்துங்க" என்று தட்டினாள். யாரும் பார்க்கவில்லை.

மிச்சம் இருந்தது கிளினிக் எண்தான்.

அதை எடுப்பவள் யாரென்று அவளுக்குத் தெரியும். அங்கேதான் விரல் நின்றது.

*

பாச்சாங் கடைவரிசையில் இருக்கும் அந்தக் கிளினிக்கின் கவுண்டரில் வேலை செய்கிறவள் திவ்யதர்ஷினி. யுவனேஸ்வரனின் தங்கை. வரும் ஞாயிறு மலர்விழிக்கும் யுவனேஸ்வரனுக்கும் நிச்சயதார்த்தம். மண்டபம் பேசியாகிவிட்டது, இருநூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாகிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டுக்குப் புற்றுநோய் விஷயம் தெரியாது.

பெத்தம்மாள் அத்தை போட்ட உத்தரவு அது. ஏழு மாதத்துக்கு முன், பேச்சு தொடங்கிய அன்றே மலர்விழியின் நியாலாஸ் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னாள்: "கேன்சர்னு ஒரு வார்த்தை வாசப்படி தாண்டுச்சு, பொண்ணுக்கும் வரும்னு ஊரே பேசும். நிச்சயம் முடியட்டும். அப்புறம் மைக் வெச்சு சொல்லுங்க."

அப்பா தலையாட்டினார். அத்தை சொன்னால் அப்பா தலையாட்டுவார், அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் வழக்கம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. தினமும் ராத்திரி பல்லுக்கு ஜெல் வைக்க ஆஸ்பத்திரியில் அச்சு எடுத்துக் கொடுத்த பிளாஸ்டிக் தட்டுகள் குளியலறை அலமாரியில் இருந்தன. மாப்பிள்ளை வீட்டார் வந்தால் கண்ணில் படும் என்று அத்தை எடுத்து எங்கோ வைத்தாள். எங்கே வைத்தாளோ, அவளுக்கே மறந்துபோனது. மாதா மாதம் போக வேண்டிய பல் பரிசோதனைக்கும் அம்மா போகவில்லை. யுவனேஸ்வரனின் சித்தப்பா அந்த ஆஸ்பத்திரியில் வீல்சேர் தள்ளுகிறார். பார்த்துவிட்டால்?

கதிர் பட்ட வாயில் எச்சில் ஊறாது. எச்சில் இல்லாத வாயில் பல் நிற்காது. ஏழு மாதத்தில் அம்மாவின் பற்கள் ஈறோரமாகக் கறுத்து, கழுத்தறுந்து, ஒவ்வொன்றாய் முறிந்தன. பள்ளி கேன்டீனில் ஐந்நூறு பிள்ளைகளுக்கு மீ கோரேங் கிளறுகிறவள், வீட்டில் கஞ்சியைத் தவிர எதையும் விழுங்க முடியாமல், கையில் தண்ணீர் பாட்டிலோடு திரிந்தாள். கேட்டவர்களிடம் "சூடு" என்றாள்.

மலர்விழியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். யுவனேஸ்வரனோடு ஏழு மாதம் தினம் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாள். ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. அத்தைமேல் எரிந்த எரிச்சலில் பாதி அவள்மேல்தான் எரிய வேண்டும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் இன்னும் எரிந்தது.

எண்ணை அழுத்தினாள்.

*

"வணக்கம், குட் மார்னிங்... ஏய், அண்ணி!" திவ்யதர்ஷினியின் குரல் துள்ளியது. "ஆன்ட்டியப் பாக்கவா கால் பண்ணீங்க? செம தைரியம்லா. ஊசி போட்டப்ப கண்ணுகூட மூடல."

"ஊசி போட்டாச்சா?"

"இப்பதான். மரத்துப் போக பத்து நிமிஷம் வெயிட் பண்ணணும். டாக்டர் பக்கத்து ரூம்ல இன்னொரு கேஸ் பாக்குறாங்க."

பத்து நிமிஷம். மலர்விழி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முப்பத்தாறு.

"திவ்யா, இன்னிக்கு வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லு."

"ஏன் அண்ணி?"

சொல்லிவிட வேண்டியதுதானே? ஒரே வார்த்தைதானே? நாக்கு நுனிவரை வந்தது. வந்து திரும்பிப் போய்விட்டது.

"அம்மாவுக்கு... பிரஷர் இருக்கு."

"செக் பண்ணியாச்சு அண்ணி. நூத்தி இருபத்தாறு. என்னைவிட நல்லா இருக்கு."

"இல்ல, ரத்தம் நிக்காது. ஏதோ மருந்து சாப்பிடுறாங்க."

"என்ன மருந்து?" காகிதம் புரளும் ஓசை. "போராங்ல, அந்த ஃபாரத்துல, ஒண்ணுமே போடலையே. நான்தான ஃபைல் பண்ணேன். இனிப்பு நீரா? தியாடா. ஹார்ட்டா? தியாடா. ஆப்பரேஷன், கேன்சர், ரேடியோதெரபி? தியாடா, தியாடா, தியாடா. எல்லாத்துக்கும் 'இல்ல'ன்னுதான் எழுதியிருக்கு. வாய் ஏன் இவ்ளோ காஞ்சு கெடக்குன்னு டாக்டர் ரெண்டு தடவ கேட்டாங்க. பயத்துலன்னு ஆன்ட்டி சொன்னாங்க."

"யார் எழுதுனது அத?"

"யாரு எழுதுவா? ஆன்ட்டிதான்."

அத்தை சொல்லச் சொல்ல அம்மா எழுதியிருப்பாள். மலர்விழி பல்லைக் கடித்தாள். "திவ்யா, கேளு..."

மறுமுனையில் சலசலப்பு. "குடும்மா, நான் பேசுறேன், பொண்ணு டென்ஷன்ல இருக்கு" என்றொரு குரல். கவுண்டரிலிருந்து ரிசீவர் கை மாறியது. பெத்தம்மாள் அத்தை சிரித்தபடி இரண்டடி நகர்ந்திருக்க வேண்டும். அடுத்து வந்தது சிரிப்பில்லாத கிசுகிசுப்பு.

"உனக்கு மூளை இருக்கா? யார்கிட்ட என்ன பேசுற?"

"அத்தை, பல்லைப் பிடுங்கக் கூடாது. நிறுத்துங்க."

"கறுப்புப் பல்லோட மேடையில நிப்பாளா உங்கம்மா? போட்டோ எடுக்குறவன் ஓடிப் போயிடுவான்."

"தாடை அழுகிப் போயிடும் அத்தை! தங்கையா அண்ணன் தாடையில ஓட்டையை நான் பாத்தேன்!"

"அந்தாளு எங்கயோ கண்ட எடத்துல புடுங்கியிருப்பாரு. இங்க டாக்டரம்மா சர்டிபிகேட் மாட்டி வெச்சிருக்காங்க. அதுவும் நம்ம சம்பந்தி வீட்டுப் பொண்ணு இருக்குற எடம். வேற எங்க கொண்டுபோவேன்?"

"சம்பந்தி வீட்டுப் பொண்ணு இருக்குற எடம்னுதான அங்க உண்மையச் சொல்ல முடியல! இது உங்களுக்குப் புரியலையா?"

"வாய மூடுடி." கிசுகிசுப்பு கத்தியானது. "இன்னும் மூணே நாளு. மூணு நாளு உன் வாய மூடி வெச்சிரு."

டொக்.

திரும்ப அழுத்தினாள். எங்கேஜ்ட் டோன். மறுபடி. எங்கேஜ்ட். ரிசீவரைச் சரியாக வைக்கவில்லையோ, வேண்டுமென்றே வைக்கவில்லையோ.

பத்து நாற்பத்தைந்து.

காரில் ஓடினால்? செர்காமிலிருந்து பாச்சாங்குக்கு எப்படி மிதித்தாலும் அரை மணி. போய்ச் சேரும்போது நான்கு பற்களும் எவர்சில்வர் தட்டில் கிடக்கும்.

திவ்யதர்ஷினியின் கைப்பேசி எண் அவளிடம் இருந்தது. 'திவ்யா குட்டி' என்று ஆசையாகச் சேமித்து வைத்த எண். அதை அழுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அண்ணி? வேலை நேரத்துல இதுல எடுத்தா டாக்டர் ஏசுவாங்க..."

"என் அம்மாவுக்கு கேன்சர் வந்துச்சு."

"என்னது?"

"போன வருஷம். தொண்டையில. முப்பத்தஞ்சு நாளு ரேடியேஷன். ஏழு மாசமா உங்ககிட்ட மறைச்சோம். நானும்தான் மறைச்சேன். திட்டணும்னா அப்புறம் திட்டு. இப்ப ஓடு. ரேடியேஷன் பட்ட தாடையில பல்லப் புடுங்குனா எலும்பு செத்துப் போயிடும். ஓடு திவ்யா!"



நாற்காலி கிறீச்சிட்டது. கைப்பேசி மேசையில் பொத்தென்று விழுந்தது. தொடர்பு அறுந்துபோகவில்லை. மலர்விழி காதைக் கைப்பேசியோடு அழுத்திக்கொண்டு நின்றாள். கிடங்கில் கீழே யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காதில் ஏறவில்லை.

செருப்புச் சத்தம் ஓடியது. கதவைத் தட்டும் சத்தம். "டாக்டர்! டாக்டர், ஸ்டாப்!" பிறகு அத்தையின் குரல், எங்கோ தூரத்தில், தேனொழுக: "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, அந்தப் பொண்ணு கல்யாண டென்ஷன்ல ஒளறுது..." பிறகு இரும்புச் சாமான் ஏதோ தட்டில் விழுந்து அதிரும் ஓசை.

அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

"திவ்யா?" என்றாள். "திவ்யா!"

யாரோ கைப்பேசியை எடுத்தார்கள். பேசவில்லை. அழுத்தி அணைத்தார்கள்.

*

மைவி காரை அவள் ஓட்டிய ஓட்டத்துக்கு, உம்பாயில் ஒரு சிவப்பு விளக்கும் டுயோங்கில் ஒரு சிவப்பு விளக்கும் சாட்சி. வழியில் யுவனேஸ்வரனின் பெயர் திரையில் நான்கு தடவை எரிந்து அணைந்தது. எடுக்கவில்லை. பிடுங்கியாயிற்றா இல்லையா? அது தெரியாமல் அவனிடம் பேச அவளிடம் ஒரு சொல்லும் இல்லை.

கிளினிக்கின் கண்ணாடிக் கதவைத் தள்ளினாள். காத்திருப்போர் வரிசையில் இருந்த ஒரு மலாய்க் கிழவர் நிமிர்ந்து பார்த்தார். கவுண்டரில் திவ்யதர்ஷினி இருந்தாள். கண் சிவந்திருந்தது. "உள்ள" என்று மட்டும் சொன்னாள். அண்ணி என்று சொல்லவில்லை.

உள்ளே டாக்டர் ஓங், ஐம்பது வயதுச் சீனப் பெண்மணி, முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டு நின்றிருந்தார். அவர் கையில் அந்தப் போராங். பெத்தம்மாள் அத்தை மூலையில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியில் அம்மா. இடப்பக்க உதடு மரத்துத் தொங்கியது.

"பிடுங்கிட்டீங்களா?" மலாயில் கேட்டாள் மலர்விழி.

"நீ மகளா?" டாக்டரின் மலாய் சாட்டையாகச் சொடுக்கியது. "கருவியைப் பல்லோரத்தில் வைத்துவிட்டேன். ஒரு திருப்புத் திருப்பினால் கழன்றிருக்கும். அந்த நேரத்தில்தான் இந்தப் பெண் கதவை உடைத்துக்கொண்டு வந்தாள். பிடுங்கவில்லை. ஈறு கிழியவில்லை. வெறும் ஊசியோடு போயிற்று."

மலர்விழி அம்மாவின் நாற்காலியருகே போய் நின்றாள்.

"இருபத்தாறு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன்" என்றார் டாக்டர். போராங்கை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இந்தக் கேள்விகளை எதற்கு அச்சடித்து வைத்திருக்கிறேன்? அழகுக்கா? நான் ஜோசியக்காரியா, வாயைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்ள? இவர்கள் தாடை போயிருந்தால் என் கையால் போயிருக்கும். சாகும்வரை நான் அதைச் சுமந்திருப்பேன். உங்களுக்கு ஒரு கல்யாணம்!"

"நான் நல்லதுக்குத்தான் டாக்டர்..." என்று அத்தை தொடங்கினாள்.

"நீங்க பேசாதீங்க." மலர்விழி திரும்பினாள். "ஒரு வார்த்தை பேசாதீங்க அத்தை. எங்கம்மாவ உக்கார வெச்சு 'இல்ல, இல்ல'ன்னு எழுத வெச்சீங்களே, உங்க கை நடுங்கல?"

அத்தையின் பார்வை பவானேஸ்வரியிடம் போனது.

"அவ ஒண்ணும் சொல்லல."

அம்மாதான் பேசினாள். மரத்த உதட்டில் சொல் வழுக்கியது. கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள்.

"உங்க அத்த வெளியில செல்பி எடுத்துக்கிட்டு இருந்தா. நானாத்தான் எழுதுனேன்."

"அம்மா..."

"எல்லாம் தெரியும். தங்கையா அண்ணன் பக்கத்துல உக்காந்து அவருக்குப் பஞ்சு எடுத்துக் குடுத்தவ நான். எனக்குத் தெரியாதா?"

அம்மா கழுத்திலிருந்த காகித அங்கியை நேராக இழுத்துவிட்டாள்.

"உடனே அழுகாதுன்னு எனக்குத் தெரியும். ரெண்டு மாசம் மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள நிச்சயம் முடிஞ்சு பரிசமும் போட்டுடுவாங்க. அப்புறம் என் தாடை எக்கேடு கெட்டா என்ன?" அம்மா தண்ணீர் பாட்டிலைத் தூக்கினாள். தண்ணீர் மரத்த பக்கமாக வழிந்து அங்கியை நனைத்தது. துடைக்காமல் பேசினாள். "நேத்து மாப்பிள்ளையோட அம்மா, அந்த ஜெயா, வீடியோ கால்ல என்ன கேட்டா தெரியுமா? 'பல்லு ஏன் சம்பந்தி இப்படி இருக்கு, வெத்தல போடுவீங்களா'ன்னு கேட்டா. நான் வெத்தலயத் தொட்டதில்ல. ஆமான்னு சொன்னேன்."

மலர்விழி அழுவாள் என்று அத்தை எதிர்பார்த்திருக்கலாம். அழவில்லை. கத்தினாள்.

"யாரு கேட்டா? உன் தாடைய யாரும்மா கேட்டா? நான் கேட்டனா? உன் எலும்பு மேலதான் எனக்கு மணவறை கட்டணுமா? முப்பத்தஞ்சு நாளு உன்னக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தேன். வாய் புண்ணாகி எச்சில்கூட முழுங்க முடியாம நீ அழுதப்ப, பஸ்ல உன் தலைய மடியில வெச்சுக்கிட்டு வந்தது நான். அவ்ளோ பாடுபட்டுக் காப்பாத்துனத, ஒரு போட்டோவுக்குத் தூக்கிப் போடுறியா?"

"உனக்கு இருபத்தேழு வயசு."

"ஐம்பது ஆகட்டும்!"

"கத்தாத. வெளிய கேக்குது."

"கேக்கட்டும். ஏழு மாசம் கேக்காமத்தான உன் பல்லெல்லாம் போச்சு!"

*

வெளியே கேட்டுவிட்டதுதான். கதவருகில் ஜெயா நின்றிருந்தார். யுவனேஸ்வரனின் அம்மா. பாச்சாங்கிலேயே இரண்டு தெரு தள்ளி வீடு. மகள் அழைத்ததும் வீட்டு உடுப்போடு மோட்டாரில் வந்திருக்க வேண்டும், தலையில் ஹெல்மெட்கூடக் கழற்றவில்லை.

பெத்தம்மாள் அத்தை பாய்ந்தாள். "சம்பந்தி, உக்காருங்க, நான் விளக்கமா..."

"நீங்க இருங்கக்கா." ஜெயா அவளைப் பார்க்கவே இல்லை. நேரே பவானேஸ்வரியின் முன் போய் நின்றார். "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு, காப்பிய வாங்குறதுக்கு முன்னாடியே நான் என்ன சொன்னேன்? என் வீட்டுக்காரருக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். கல்யாணத்துல ரொம்ப நேரம் உக்கார மாட்டாரு. பிற்பாடு யாரும் குறை சொல்லக் கூடாதுன்னு மொத வார்த்தையா சொன்னேன். சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க" என்றாள் அம்மா.

"அப்ப நீங்க தலையாட்டி, ஐயோ பாவம்னீங்க. உங்க வாய்க்குள்ள இதை வெச்சுக்கிட்டு."



"ஆன்ட்டி" என்றாள் மலர்விழி. "கோவம் வியாதிக்கா, பொய்க்கா?"

ஜெயா திரும்பினார். ஹெல்மெட்டுக்குள் முகம் சிவந்திருந்தது. "ரெண்டுக்கும்தான். பொய் சொன்னா அறையணும் போல இருக்கு. வியாதின்னா பயமா இருக்கு. என் வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆளு மெஷின்ல இருக்காரு. மறைக்காமச் சொல்றேன், பயமா இருக்கு. நீங்க மொதல்லயே சொல்லியிருந்தா, பயந்துக்கிட்டே சரின்னு சொல்லியிருப்பேன். இப்ப எனக்குத் தெரியல."

"ஞாயித்துக்கெழம?" என்றாள் அத்தை, உயிர் போகும் குரலில்.

"ஞாயித்துக்கெழம வேணாம். மண்டபத்துக்கு நான் போன் பண்றேன்."

"ஐயோ, இருநூறு பேருக்குச் சொல்லியாச்சு சம்பந்தி..."

"சரி ஆன்ட்டி" என்றாள் மலர்விழி.

அத்தை அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். ஜெயாவும் பார்த்தார். கெஞ்சுவாள் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. கெஞ்சாததில் அவர் கோபம் குறைந்ததா கூடியதா, சொல்ல முடியவில்லை. கதவுவரை போனவர் நின்றார்.

"திவ்யா, அங்க என்ன வேடிக்க பாக்குற? அவங்களுக்கு ஸ்ட்ரா போட்டுத் தண்ணி குடு. வாய் காயுதுல்ல" என்று மகளிடம் சீறிவிட்டு வெளியேறினார்.

டாக்டர் ஓங் கடிதம் எழுதினார். எழுதும்போதே திட்டினார். இந்தப் பற்களைப் பிடுங்காமலே வழி இருக்கிறது. வேருக்குள் சுத்தம் செய்து, மேலே முறிந்ததைச் சமப்படுத்தி அடைத்து, வேரை அப்படியே எலும்புக்குள் விட்டுவிடலாம். ஆனால் அதை ஆஸ்பத்திரி பல் பிரிவுதான் முடிவு செய்ய வேண்டும், நான் தொட மாட்டேன். போன் எடுத்து அவரே பேசினார். எதிர்முனையில் ஏதோ அடுத்த மாதம் என்றார்கள். "நாளை" என்றார் டாக்டர். மறுபடி ஏதோ சொன்னார்கள். "நாளை" என்றார், இன்னும் மெதுவாக. நாளை காலை எட்டு மணி கிடைத்தது.

*

அத்தை காரில் ஏறவில்லை. கிராப் டாக்சி பிடித்துப் போய்க்கொள்வதாகச் சொன்னாள். யாரும் தடுக்கவில்லை.

அம்மாவும் மகளும் காரில் ஜாசினைத் தாண்டி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். செம்பனை மரங்கள் இருபுறமும் ஓடின. கைப்பேசி மறுபடி எரிந்தது. இந்தத் தடவை மலர்விழி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்ல?" யுவனேஸ்வரன் எடுத்த எடுப்பில் கேட்டான். "மத்தவங்கள விடு. எனக்கு."

"சொல்லியிருக்கணும்."

"நான் செம கோவத்துல இருக்கேன், மலர்."

"நானும்தான். நாளைக்கு எட்டு மணிக்கு அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அது முடிஞ்சப்புறம் பேசலாம். திட்டணும்னா நேர்ல வந்து திட்டு."

"பாக்குறேன்" என்று வைத்துவிட்டான். அந்த 'பாக்குறேன்'னை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அவள் யோசிக்கவும் இல்லை.

"போச்சு" என்றாள் அம்மா.

"போனா போகட்டும்."

"நாளைக்கு நீதான் அழுவ."

"அழுவேன். அப்ப திட்டுறதுக்கு உனக்கு ஒழுங்கா ஒரு வாய் வேணும்ல, அதான் காப்பாத்தி வெச்சிருக்கேன்."

அம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நியாலாஸ் சந்தியை நெருங்கும்போது மரப்பு இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். கை கன்னத்துக்குப் போனது. கால் கட்டைவிரல் மடங்கியது.

"வலிக்குதா?"

"வலிக்காம? அப்படியே இருக்கே நாலும்." அம்மா சீறினாள். "புடுங்கியிருந்தா இந்நேரம் வலி போயிருக்கும்."

"போயிருக்காது."

"உனக்கென்ன தெரியும்? உன் வாயா?"

"உன் வாய்தான். அதுக்குத்தான் இவ்வளவு சண்டை."

அம்மாவுக்கு வலி ஏறியது, உறுமினாள். மலர்விழி ஒரு கையால் பின்சீட்டைத் துழாவி வலி மாத்திரையை எடுத்து நீட்டினாள். அம்மா அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, வாயில் போட்டு, வறண்ட தொண்டையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றி விழுங்கினாள்.

"எட்டு மணின்னா ஆறரைக்குக் கிளம்பணும்" என்றாள், இன்னும் அதே கோபத்தோடு. "நீ தூங்கிக்கிட்டு இருந்தா நான் பஸ் ஏறிப் போயிடுவேன், சொல்லிட்டேன்."